எறும்பின் சம்மதம்

வரிசை வீடுகளில் மழை நின்ற பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். கூரை ஓரத்துத் தொட்டியில் மிச்சம் நிற்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பைப்புக்குள் இறங்கி, அடியில் இருக்கும் வளைவில் டொக் டொக் என்று விழும். படுக்கையறைச் சுவரை ஒட்டிய பைப்பு என்றால் அன்றைய தூக்கம் போச்சு. இதற்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு. பைப்புக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு நைலான் கயிற்றைத் தொங்கவிட்டால் சொட்டு விழாது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழிந்து இறங்கிவிடும். (இலை குப்பை கயிற்றில் சிக்கும். அவ்வப்போது உருவிக் கழுவ வேண்டும். சோம்பேறிகளுக்கு ஏற்ற வைத்தியம் இல்லை.)

கயிறு வாங்குவது சுலபம், உள்ளே விடுவதுதான் பாடு. கூரையிலிருந்து சுவருக்கு வர மேலே இரண்டு வளைவு, கீழே லோங்காங்கைப் பார்த்து இன்னொன்று. கயிற்றைத் தள்ளிப் பாருங்கள், முதல் வளைவிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். அதை இழுக்க மட்டும்தான் முடியும். இழுக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று முதலில் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மெல்லிய நூலில் ஒரு நட்டைக் கட்டி இறக்கலாம். அது வளைவில் நின்றுவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றலாம். நூலில் பிளாஸ்டிக் பைத் துண்டு ஒன்றைக் கட்டி, கீழ்முனையில் வேக்குவம் வைத்து உறிஞ்சலாம். நூல் வந்துவிட்டால் அதன் வாலில் கயிற்றைக் கட்டி இழுப்பது ஒரு வேலையே இல்லை.

இந்தப் புதிர் ரொம்பப் பழையது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய அரண்மனையில் இருந்த செய் ஷோனகன் தன் 'தலையணைப் புத்தக'த்தில் ஒரு கதை சொல்கிறார். சீனப் பேரரசர் ஜப்பானைச் சோதிக்க ஒரு மணியை அனுப்புகிறார். அதன் துளை உள்ளுக்குள் ஏழு முறை வளைந்து போகிறது. அதில் நூல் கோக்க வேண்டும். யாராலும் முடியவில்லை. நாட்டில் முதியவர்களை ஒழிக்க ஆணை இருந்த காலம் அது. தன் வயதான பெற்றோரை நிலவறையில் ஒளித்து வைத்திருந்த ஓர் அதிகாரி, தகப்பனிடம் போய் யோசனை கேட்கிறான். இரண்டு பெரிய எறும்புகளைப் பிடி, இடுப்பில் மெல்லிய நூலைக் கட்டு, அதோடு தடித்த நூலை முடி, மறுமுனைத் துளையில் தேனைத் தடவு என்கிறார் கிழவர். எறும்பு தேன் வாசனையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. கிரேக்கத்திலும் இதற்கு ஒரு சகோதரக் கதை உண்டு. அங்கே டேடலஸ் சுருள் சங்குக்குள் எறும்பை அனுப்புகிறான்.

கதையைக் கேட்கிற எல்லாரும் கிழவரைப் பாராட்டுகிறோம். எனக்கு எறும்பைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் தள்ளவில்லை. தானாகத்தான் போனது, கூலியாகத் தேனும் கிடைத்தது. அப்படியானால் இதில் பேச என்ன இருக்கிறது? கட்டுமான சைட்டில் வேலை செய்கிற எவரும் இந்த வாதத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்: "அவனாத்தானே வந்தான்? நாம போயா இழுத்துட்டு வந்தோம்?"

அவனாகத்தான் வந்தான் என்பது பெரும்பாலும் உண்மையும்கூட. அதனால்தான் இந்த வாதத்தை லேசில் தள்ளிவிட முடிவதில்லை.

குழாய்க்குள் போன இரண்டு பேரைப் பார்ப்போம். 1971இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இன்று ஃபெர்மிலாப் எனப்படும் துகள் முடுக்கி ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீண்ட வெற்றிடக் குழாய்களுக்குள் கிடந்த உலோகத் துகள்களைத் துடைத்தெடுக்க வேண்டும். பொறியாளர் ஒருவர் ஃபெரெட் ஒன்றை வாங்கச் சொன்னார். கீரிப்பிள்ளை ஜாடையில் இருக்கும், வளைக்குள் நுழைவதையே பொழுதுபோக்காகக் கொண்ட பிராணி. ஃபெலிசியா என்று பெயர் வைத்தார்கள். முதலில் நான்கு மைல் சுற்றளவுள்ள பெரிய வளையக் குழாயில் விடப் பார்த்தார்கள். ஃபெலிசியா நுழைய மறுத்துவிட்டது. சரி என்று, வேறொரு பிரிவில் இருந்த முந்நூறு அடிக் குழாய்களுக்கு மாற்றினார்கள். அங்கே அது ஒரு சரட்டை இழுத்துக்கொண்டு ஓடியது. அந்தச் சரட்டில் துடைப்பானைக் கட்டி உருவினார்கள். பிறகு அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது.

இன்னொருவர் இங்கிலாந்துப் புகைபோக்கிச் சிறுவன். ஒன்பது அங்குலச் சதுரமே இருக்கும் புகைக்குழல்கள், ஒரு கணப்பிலிருந்து இன்னொன்றை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும். அதற்குள் ஐந்தாறு வயதுப் பையன்களை ஏற்றிக் கரியைச் சுரண்டச் சொன்னார்கள். வளைவில் முழங்கால் மோவாயோடு மாட்டிக்கொண்டு மூச்சுமுட்டிச் செத்தவர்கள் உண்டு. மேலே போகத் தயங்கினால் கீழே வைக்கோலைக் கொளுத்தினார்கள். 1788இல் முதல் சட்டம் வந்தது, 1834இல் ஒன்று, 1840இல் ஒன்று. 1875இல்தான் உண்மையிலேயே நின்றது. நீண்ட கம்புகளில் பொருத்திய தூரிகை 1800களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல். பிறகு ஏன் இத்தனை காலம்? எதிர்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், எங்கள் வீட்டுக் குழல் வளைந்தது, அதில் தூரிகை திரும்பாது, பையன்தான் திரும்புவான் என்பது. வளைவைக் கட்டியது அவர்கள். அந்த வளைவே ஆளை உள்ளே அனுப்புவதற்கு நியாயமும் ஆகிவிட்டது.

ஃபெலிசியாவுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தை "விருப்பம்" என்ற சொல் பிடிக்கவில்லை. பையனும் வயிற்றுப் பாட்டுக்காக ஒரு காலையில் தானாகவே ஏறியிருக்கலாம். ஃபெலிசியா மறுத்தபோது அதற்குச் சாப்பாடு நிற்கவில்லை, யாரும் தீ வைக்கவும் இல்லை. மறுப்புக்கு விலையே இல்லாமல் இருந்தது. அதனால் அது மற்றக் குழாய்களுக்குள் ஓடியதைச் சம்மதம் என்று என்னால் நம்ப முடிகிறது. நுழையும்போது சம்மதமா என்பதைவிட, உள்ளே போன பிறகு திரும்ப முடியுமா என்று கேட்பதே சரியான சோதனை என்று தோன்றுகிறது.

இங்கே வளைவு சம்பந்தமான ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கயிறு ஒரு வளைவைச் சுற்றிப் போகும்போது உராய்வு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு கால்வட்ட வளைவுக்கு இழுவை 1.6 மடங்கு. இரண்டுக்கு 2.6. நான்குக்கு 6.6. வளைவு அகலமா குறுகலா என்பது இந்தச் சமன்பாட்டில் வராது, மொத்தமாக எவ்வளவு திரும்பினோம் என்பது மட்டும்தான் கணக்கு. பின்னால் உருவினாலும் இதே கணக்குத்தான். அமெரிக்க மின்கம்பி விதிகளில், இழுக்கத் திறந்துவிடும் இரண்டு இடங்களுக்கு நடுவே வளைவுகளின் கூட்டு 360 பாகையைத் தாண்டக் கூடாது, அதாவது நான்கு கால்வட்டங்கள். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு பெட்டி வைத்தே ஆக வேண்டும். கம்பிக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். கங்காணி ஒரு மெல்லிய நூல். தோட்டத்தில் வேலை செய்தவனையே துரை அவன் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பினார். அவன் அண்ணன், மச்சான், பங்காளி என்று ஒவ்வொருவராக முடிந்து இழுத்து வந்தான். முன்பின் தெரியாத ஏஜெண்டை நம்பாத ஊர், மாமன் மகனை நம்பியது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன் பிறகு வந்தவர்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விடலாம் என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் தோட்டக்கடைக் கடன் ஒரு வளைவு, அழைத்து வந்த சொந்தக்காரனின் முகம் இன்னொன்று, ஊரில் "மலாயாவுக்குப் போனவன்" என்ற பேர் மற்றொன்று, கடைசியில் கடல். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அதே குழாய் வழியாக ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது மட்டும் திரும்பும் வழி திறந்திருந்தது. இழுப்பவர்களுக்குத் தேவைப்பட்ட நேரம் அது.

அந்தப் பரம்பரையில் வந்த நாம் இன்று பெரும்பாலும் குழாயின் இந்த முனையில் நிற்கிறோம். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம் சைட்டில் கம்பி கட்டுகிறவர்களுடைய பெர்மிட் ஒரு முதலாளியோடு முடிச்சுப் போட்டது. அவரை விட்டால் பெர்மிட் போச்சு. பெர்மிட் இல்லாமல் நாட்டில் இருந்தால் குற்றவாளி. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டியோடு காத்திருக்கிறது. அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி தவறு. ஆனாலும் ஆபீஸ் அலமாரியில் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் கொடுமையாகத் தெரியாது, எல்லாம் கால்வட்டம்தான். நான்கையும் பெருக்கினால்தான் ஏன் அவன் காய்ச்சலோடு சாரத்தில் ஏறுகிறான் என்று புரியும்.

முதலாளிமாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அது சாக்கு இல்லை. லெவி கட்டியிருக்கிறார்கள், விமான டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், மூன்று மாதத்தில் ஆள் பக்கத்து சைட்டுக்கு ஐம்பது வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது என்று போய்விட்டால் அந்த நஷ்டத்தை யார் தாங்குவது? நியாயமான கேள்வி. பைப்பு வளைவில் மூடியோடு ஒரு திறப்பு வைத்தாலும் இதே மாதிரிதான். செலவு கூடும், கசிய இன்னோர் இடமும் கிடைக்கும். அதற்காக யாரும் திறப்பே வேண்டாம் என்று வரைவதில்லை. செலவை மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுகிறோம்.

அப்படிச் சேர்க்கக்கூடிய வரிகள் சில இருக்கின்றன. கடப்பிதழ் அவரவர் கையில். முதலாளி மாறினாலும் சாகாத பெர்மிட். ஊருக்குத் திரும்பும் டிக்கெட் பணம், வேலை தொடங்கும் முன்பே மூன்றாவது ஒருவரிடம். இதெல்லாம் கடைசியில் வீடு வாங்குகிறவர்கள் தலையில்தான் விழும், நானும் அதில் ஒருவனாக இருப்பேன். சதுர அடிக்கு எவ்வளவு ஏறும் என்று ஒரு மாலைக்குள் கணக்குப் போட்டுவிடலாம். டைல்ஸ் மாற்றினால் எவ்வளவு, கூரையை உயர்த்தினால் எவ்வளவு என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.