கையுறை



மே மாதத்து நீண்ட வார இறுதி நெருங்கிவிட்டது. பனிக்காலம் முழுவதும் போர்த்துக் கிடந்த ட்ரெயிலர்கள் இனி ஒன்ராறியோவின் 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத் தொடங்கும். எனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இந்த வருடம் முதன்முறையாக ட்ரெயிலர் இழுக்கப் போகின்றன. அவர்களோடு கதைப்பதுபோலவே இன்று உங்களோடு கதைக்கிறேன்.

முதல் இரவையே அல்கோன்குயின் காட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலேயே ட்ரெயிலரை நிறுத்தி, ஒரு இரவு அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்புங்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். வீட்டில் சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், குழாயைத் திறந்தால் தண்ணீர். எவ்வளவு போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ட்ரெயிலரில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. நடுத்தர ட்ரெயிலருக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் 30 அம்பியர், அதாவது 3,600 வாட். குளிரூட்டி ஓடும்போது கேத்தலையும் போட்டு மைக்ரோவேவையும் அழுத்தினால் பிரேக்கர் விழுந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலும் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் போய் நிறுத்தவேண்டும். பல் விளக்கும்போது குழாயைத் திறந்தபடி விட்டால், பம்பின் இரைச்சல் எல்லோருக்கும் கேட்கும்.

பாரம் ஏற்றுவதில் கவனமாயிருங்கள். ட்ரெயிலரின் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் முன்கொக்கியில் அழுத்தவேண்டும். அரிசிச் சாக்கையும் கூலரையும் பின்பக்கம் அடுக்கினால் முன்பக்கம் இலேசாகி, நெடுஞ்சாலையில் வண்டியின் வால் ஆடத் தொடங்கும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ட்ரெயிலருக்கென்று உள்ள பிரேக்கைக் கையால் மெல்ல அழுத்துங்கள்.

பின்னுக்கு விடும்போது ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். ட்ரெயிலர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ஒரு வயதான கனேடியர். வழிகாட்ட ஒருவர் பின்னால் நிற்கட்டும். கண்ணாடியில் அவர் தெரியாத அந்தக் கணமே வண்டியை நிறுத்திவிட வேண்டும். "இஞ்சாருங்கோ, நில்லுங்கோ!" என்று என் மனைவி கத்திய ஒரு மாலையில், எங்கள் கூரைக்கும் ஒரு பைன் கிளைக்கும் இடையில் ஒரு சாண்கூட இருக்கவில்லை.

இதெல்லாம் இரண்டு மூன்று பயணங்களில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வந்தது கடைசி நாள் வேலையைப் பற்றி.

ட்ரெயிலரின் அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். குளித்த, கழுவிய தண்ணீர் ஒன்றில். மலசலம் மற்றதில். மலத்தொட்டியின் வால்வைத் தொடர்ந்து திறந்து வைக்கக்கூடாது. தண்ணீர் ஓடிவிட, மலம் குவிந்து இறுகிப்போகும். மூடியே வைத்திருந்து, புறப்படும் நாளில் கழிவகற்றும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் மலத்தொட்டியைத் திறக்க வேண்டும். பிறகு மற்றது, அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். குடிநீருக்கு வேறு குழாய். இரண்டையும் ஒருபோதும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழிவகற்றும் இடத்தில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். கையுறை போட்டபடி ஆட்கள் இறங்குவார்கள். யார் என்ன வேலை செய்பவர், எவ்வளவு சம்பாதிப்பவர் என்று அங்கே தெரியாது. அவரவர் குடும்பத்தின் கழிவை அவரவரே வெளியேற்றுவார்கள். மற்றவருக்காக இடத்தைக் கழுவிவிட்டுப் போவார்கள். முதல்நாள் அந்த வரிசையில் நின்றபோது என் நெஞ்சு கனத்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் யாழ்ப்பாண நகரத்து வீட்டில் வாளிக் கக்கூஸ் இருந்தது. விடிவதற்கு முன் பின்படலையைத் திறந்துகொண்டு ஒருவர் வருவார். வாளி இழுபடும் சத்தம் கேட்கும். அவருக்குக் கையுறை இல்லை. தாகம் என்று கேட்டால் சிரட்டையில் வார்ப்போம், எட்டி நின்று. அவருடைய பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நானும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், எனக்கு வாய் இருந்தது.

அந்த மனிதர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

போன வருடம் ஆவணியில் என் மகளுக்கு அவரைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. எங்கள் முறை வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. வாகனத்திலிருந்து இறங்கி வந்து, "அப்பா, மற்றச் சோடி கையுறை எங்கே?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். குழாயின் முனையைக் கழிவுக் குழிக்குள் வைத்து, அது துள்ளாதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து வால்வை இழுத்தேன்.