விண்மீன் தேடும் பிள்ளைகளும் மண்ணில் நிற்கும் பெற்றோரும்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். அன்று காலை ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு நிலவு கதிரவனின் நடுப்பகுதியை மறைக்க, விளிம்பு மட்டும் நெருப்பு வளையமாய் ஒளிர்ந்தது. அவ்வளையக் கிரகணத்தின் பாதையில் கோவையும் நம் ஈரோடும் கரூரும் அமைந்திருந்தன. கிரகணம் என்றதும் நம் இல்லங்கள் பல, கதவையும் சன்னலையும் அடைத்துப் பிள்ளைகளை உள்ளே அமர்த்திவிடுகின்றன. வேறு சில இல்லங்கள் உரிய பாதுகாப்புக் கண்ணாடியைத் தேடி வாங்கிப் பிள்ளைகளோடு மொட்டைமாடிக்கு ஏறுகின்றன. இரண்டிலும் இருப்பது பிள்ளைமீது கொண்ட அன்பே. காப்பின்றிக் கதிரவனை நோக்கினால் கண் கெடும் என்பது உண்மைதான். ஆயினும் அன்பு கதவாக வேண்டுமா, கண்ணாடியாக வேண்டுமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் மண்டியின் கணக்கும் தறியின் ஓசையும் சாயப்பட்டறையின் கவலையுமாக உழைத்து வாழ்பவர்கள் நாம். நம் வீட்டில் ஒரு பிள்ளை இரவெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், சனிக்கோளின் வளையத்தைப் பற்றியே பேசினால், "வானத்தைப் பார்த்தால் வயிறு நிறையுமா?" என்ற கேள்வி நம் நாவில் தானாக எழுகிறது. வறுமையைக் கண்டவர்கள் கேட்கும் கேள்வி அது; ஏளனத்திற்குரியதன்று. ஆனால் அதற்குள் மற்றொரு கேள்வி மறைந்திருக்கிறது: பிள்ளையின் உள்ளம் எதை நேசிக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை நமக்கு எந்த அளவுக்கு உண்டு?

சுப்பிரமணியன் சந்திரசேகரின் இல்லம் இக்கேள்வியைச் சந்தித்தது. 1910-இல் லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த அவருடைய தந்தை, அரசுக் கணக்குத் துறை அதிகாரி. மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனின் வேட்கையோ அறிவியலில். தாய் சீதாலட்சுமி மகனின் பக்கம் நின்றார். 1930-இல் கேம்பிரிட்ஜ் செல்ல உதவித்தொகை கிடைத்தபோது அத்தாய் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், தாயோ போகும்படி ஊக்கினார். பத்தொன்பது வயது இளைஞர் அக்கப்பல் பயணத்திலேயே விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்கிடத் தொடங்கினார். ஒரு வெண்குறுமீனின் நிறை கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்பட்டால் அது நிலைத்திருக்க இயலாது என்னும் முடிவுக்கு அப்பணி வழிவகுத்தது. 1983-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் 1931-இலேயே தாய் கண்மூடிவிட்டார். மகனை மீண்டும் காணவில்லை.

தந்தையை இங்கே குற்றவாளியாக்க வேண்டியதில்லை. அவர் மகனுக்குப் பாதுகாப்பைத் தேடினார். தாய் மகனுக்கு விடுதலையைத் தந்தார். பரிசு வந்ததால்தான் தாயின் முடிவு சரியாயிற்று என்று கூறுவோமானால் நாம் எதையும் கற்கவில்லை. மகன் புகழின்றி எங்கோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்ந்திருந்தாலும் அத்தாயின் செயல் அதே மதிப்புடையதே. ஏனெனில் விளைவை அறியாமலே அவர் கொடுத்தார்.

இதற்கு நேரெதிரான தவறும் ஒன்றுண்டு. பிள்ளையின் ஆர்வத்தைத் தடுக்காமல், அதைப் பறித்துக்கொள்வது. பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் 1958-இல் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, 2008-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக விளங்கியது கொங்கு மண்ணுக்கே பெருமை. அந்தப் பெருமையைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றி, "இவன் இஸ்ரோவுக்குப் போகப் போகிறவன்" என்று உறவினரிடம் அறிவித்து, பயிற்சி வகுப்புக்கும் பரிசுப் போட்டிக்கும் அனுப்பத் தொடங்கினால் என்னவாகும்? அதுவரை வானம் அவனுக்கு வியப்பாக இருந்தது. இனி அது தேர்வுத்தாளாகும். பிள்ளை நமக்கு ஒப்படைக்கப்பட்ட கொடை. நாம் அதன் உரிமையாளர்களல்லர், பொறுப்பாளர்கள்.

லூக்கா நற்செய்தி பன்னிரண்டு வயது இயேசுவைக் காட்டுகிறது. மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் கலங்கித் தேடினார்கள். கண்டதும் கேள்வி கேட்டார்கள். கிடைத்த பதிலைப் புரிந்துகொள்ளவில்லை. ஆயினும் தாய் அனைத்தையும் உள்ளத்தில் வைத்துப் போற்றினார். புரியாததை உள்ளத்தில் வைத்துக் காப்பதும் பெற்றோர்க்குரிய ஓர் அறமே. மகனோ நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குப் பணிந்து வாழ்ந்தார். ஆதலால் வேட்கை கடமையிலிருந்து விடுதலை தருவதில்லை. தாய் தனியே தண்ணீர்க் குடம் சுமக்கையில் விண்மீனை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இறங்கி வந்து உதவவும் கற்பிக்க வேண்டும்.

அறிவியல் வளர்ந்தால் நம்பிக்கை தளரும் என்றும் சிலர் அஞ்சுகின்றனர். அண்டம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பிள்ளையின் கேள்விக்கு விடை தெரியாதபோது "எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று கூறும் தந்தையிடம் பிள்ளை உண்மையின்மீது மதிப்பைக் கற்கிறது. இராகுகாலம் பார்த்துக்கொண்டே விண்வெளியைப் பற்றிப் பெருமை பேசும் இல்லத்தில் பிள்ளை கற்பதோ இரட்டை வாழ்வை.

விலையுயர்ந்த தொலைநோக்கி முதல் தேவையன்று. நகர விளக்குகளை விட்டு விலகி, தாளவாடி மலைப்பக்கம் ஓர் இரவு பிள்ளையோடு அமரலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கதிரவனை ஆராய்ந்துவரும் கொடைக்கானல் ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லலாம். நூலகத்திலிருந்து ஒரு நல்ல நூலை எடுத்துத் தரலாம். நாளை அந்த ஆர்வம் தணிந்து, பிள்ளை கடைக் கணக்கையே எழுத வந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை. தன்னைவிடப் பெரியதொன்றின் முன் அமைதியாக நிற்க அது கற்றிருக்கும். அவ்வேளையில் தன் அருகே யார் நின்றார்கள் என்பதையும் அது மறக்காது.