மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

முன்பின் அறியாத ஒருவரின் கையில் நோயாளி தம் உடலை ஒப்படைப்பதற்கு எது ஆதாரம் என்ற கேள்வி மெய்யியலில் மிகப் பழையது. அமெரிக்காவில் மூட்டு அறுவைக்குப் பின் தம் ஊரிலேயே ஓர் இயன்முறை சிகிச்சையாளரை, அதாவது பயிற்சியாலும் கைத்திறனாலும் உடலின் இயக்கத்தை மீட்கும் பிசியோதெரபிஸ்டைத் தேடுபவருக்கு, அக்கேள்வி இரண்டு நடைமுறை வினாக்களாக வந்து சேர்கிறது: அவருக்கு உரிமம் உண்டா; தம் காப்பீட்டை அவர் ஏற்பாரா. முதலாவது அறிவைப் பற்றியது, இரண்டாவது பணத்தைப் பற்றியது என்று பிரித்துவிடலாம் போலத் தோன்றும். அப்பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே ஆராயத்தக்கது.

பிளேட்டோ 'குடியரசு' நூலின் முதற்பகுதியில் சாக்ரடீசின் வாயிலாக இப்பிரிவினையையே செய்கிறார். மருத்துவக் கலை நோயாளியின் நலத்தை மட்டுமே நாடும். கூலி ஈட்டுவது அதனோடு ஒட்டிவரும் வேறொரு கலை என்பது அவர் வாதம். வாதம் கூர்மையானதுதான், ஆயினும் அக்கூலியைத் தருபவர் யார், எந்த நிபந்தனையின் பேரில் தருகிறார் என்று அது கேட்கவில்லை. மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுத்த வள்ளுவரும், அவ்வாறே நான்கு பாதங்களாகப் பகுத்த சரக சம்ஹிதையும் பணம் செலுத்தும் மூன்றாமவருக்கு இடம் வைக்கவில்லை. இன்று அவர் ஐந்தாம் கூறாக நுழைந்திருக்கிறார்.

உரிமத்தைப் பொறுத்தவரை விடை பெறுவது கடினமன்று. அங்கீகரிக்கப்பட்ட கல்வியை முடித்துத் தேசிய அளவிலான தேர்வில் தேறியவருக்கே மாநில வாரியங்கள் உரிமம் வழங்குகின்றன; ஒருவரது உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை அவ்வாரியத்தின் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். இத்தகைய ஏற்பாடு தொழிலில் உள்ளவர்களுக்கே ஆதாயம், புதியவர் நுழைவதை அது தடுக்கிறது என்று பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1962-இல் வாதிட்டார். அடுத்த ஆண்டே மற்றொரு பொருளியலாளரான கென்னத் ஆரோ, மருத்துவத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அறிவில் உள்ள ஏற்றத்தாழ்வு பெரிது என்பதால் சந்தை மட்டும் அங்கே போதாது என்று காட்டினார். ஃபிரீட்மனின் ஐயம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் கழுத்தெலும்பைத் தவறாகத் திருகியவரிடம் மறுமுறை போகாமலிருக்கும் சுதந்திரம் நோயாளிக்குப் பெரிய ஆறுதலாகாது. எனினும் உரிமம் தகுதியின் கீழெல்லையை மட்டுமே உறுதி செய்கிறது. அதற்கு மேலுள்ள அக்கறையையும் பொறுமையையும் எந்தப் பதிவேடும் சொல்லாது.

காப்பீட்டு வினா இதைவிடச் சிக்கலானது. காப்பீட்டை ஏற்பதாகச் சிகிச்சையகம் சொல்வது, பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்பிவைப்போம் என்ற அளவிலேயே நின்றுவிடலாம். நோயாளியின் குறிப்பிட்ட திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது கட்டண ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் வட்டத்தில், அந்தச் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டறிய வேண்டும். மருத்துவரின் பரிந்துரையின்றி இயன்முறை சிகிச்சையாளரை நேரே அணுக எல்லா மாநிலங்களின் சட்டங்களும் ஏதோ ஓரளவு இடம் தருகின்றன. ஆயினும் பணம் தருபவர் பரிந்துரையையோ முன்அனுமதியையோ கோரலாம். சட்டம் திறந்த கதவை ஒப்பந்தம் மூடுகிறது.

இங்கேதான் பணத்தின் வினா மெய்யியல் வினாவாக மாறுகிறது. முதன்மையாக 65 வயதைக் கடந்தோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிக்கேரில், உடல்நிலை முன்னேறவில்லை என்ற காரணம் காட்டிச் சிகிச்சைக்கான பணம் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. பார்க்கின்சன் நோயாளி ஒருவர் சிகிச்சையால் இன்றைய நிலையில் விழாமல் நடந்துகொண்டிருப்பது, இந்த அளவுகோலின்படி ஒன்றும் நிகழாததற்குச் சமம். வெர்மான்ட் கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் ஏற்ற ஜிம்மோ வழக்கின் உடன்பாடு இதைத் திருத்தியது: முன்னேற்றத்துக்கான வாய்ப்பு அன்று, தேர்ந்தவரின் திறன் தேவைப்படுகிறதா என்பதே அளவுகோல், நிலையைத் தக்கவைப்பதும் சரிவைத் தாமதப்படுத்துவதும் அதில் அடங்கும். பேச்சுக்கலை பற்றிய நூலில் அரிஸ்டாட்டில் ஏறத்தாழ இதையே கூறியிருக்கிறார்: மருத்துவத்தின் பணி நலத்தை உண்டாக்கியே தீர்வதன்று, இயன்றவரை அதை நோக்கி நடத்துவதே, ஏனெனில் ஒருபோதும் குணமடைய முடியாதவருக்கும் செம்மையான சிகிச்சை தர முடியும். காப்பீட்டு அலுவலகங்கள் இவ்விடத்துக்கு வந்து சேர ஒரு வழக்கு தேவைப்பட்டது.

மெடிக்கேருக்கு வெளியே உள்ள தனியார் திட்டங்களை அந்த உடன்பாடு கட்டுப்படுத்துவதில்லை. மருத்துவத் தேவை எது என்பதை அவை பெரும்பாலும் தத்தம் ஒப்பந்த வாசகங்களிலேயே வரையறுக்கின்றன. எனவே நாட்பட்ட நோயுள்ளவர் தம் திட்டத்தைப் பற்றி விசாரிக்கையில், ஆண்டுக்கு எத்தனை அமர்வுகள், தம் பங்குக்கு எவ்வளவு என்பனவற்றோடு நிற்காமல், நிலையைத் தக்கவைக்கும் சிகிச்சைக்கும் பணம் உண்டா என்றும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.