எல்லோருக்கும் ஒரே சபக்கா?

நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிப் பாடத்திட்டம் வகுத்தால் அது நீதியாகுமா? பாரபட்சம் என்கின்றனர் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர். அவமானம் என்று ஒளிக்கின்றனர் அந்தப் பிள்ளையைப் பெற்றோர். சமம் என்றால் ஒன்றேபோல் நடத்துவது என்று இரு சாராருமே பொருள் கொண்டுவிட்டனர்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை. அங்கிருந்து நாமக்கல் வரை நீளும் இச்சமவெளியில் கல்வி என்பதற்கு மதிப்பெண் என்றே பொருள். நாமக்கல் விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ முதலிடங்களால் தமிழகமெங்கும் பெயர் பெற்றவை. 2017-இல் முதலிடப் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது, மனப்பான்மை நிற்கவில்லை. முட்டையைத் தரம் பிரிப்பதுபோல் பிள்ளைகளையும் பிரிக்கிறோம். (பண்ணைக்காரர்கள் பொறுத்தருள்க, அவர்கள் தொழிலில் அது முறைதான்.) மெதுவாகப் படிக்கும் பிள்ளை, காது கேளாத பிள்ளை, எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளை ஆகியோர் கடைசி வரிசைக்குப் போகின்றனர்.

நம் மக்தபை எண்ணிப் பார்ப்போம். ஒரே பாயில் பத்துப் பிள்ளைகள். ஒருவன் அலிஃப் பே ஓதுகிறான். ஒருத்தி அம்ம ஜுஸ்வை முடிக்கிறாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சபக். நேற்றைய பாடம் பாடமாகாமல் ஹஜ்ரத் அடுத்ததைக் கொடுப்பதில்லை. இதைப் பாரபட்சம் என்று எந்த வாப்பாவும் முறையிட்டதில்லை. ஒன்றை அதற்குரிய இடத்தில் வைப்பதே நீதி என்று நம் ஆலிம்கள் சொல்லி வருவதும் இதைத்தான்.

குறைஷித் தலைவர்களுடன் உரையாடல் நடந்துகொண்டிருந்தபோது அறிவு நாடி வந்தவர், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அவர் பொருட்டு இறங்கிய ‘அபஸ’ அத்தியாயத்தை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே ஓதுகின்றனர். ஆசிரியரின் கவனம் யாருக்கு உரியது என்ற கேள்வி அதில் இருப்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதுண்டா?

அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம், உடற்குறையோ அறிவுக்குறையோ உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் தனித் திட்டம் வேண்டும் என்றது. பிள்ளை இன்று எங்கே நிற்கிறது, ஓராண்டில் எங்கே சேர வேண்டும், அதற்கு யார் என்ன செய்வது என்பதைப் பெற்றோரும் உடனிருந்து முடிவு செய்வர். பெயருக்கு முன்னேற்றம் காட்டினால் போதாது, பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் வேண்டும் என்று 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தனித்தனி உதவியையும், ஒவ்வொருவரின் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதையும் கடமையாக்குகிறது. ஆயினும் நாம் அறிந்ததெல்லாம் தேர்வுச் சலுகைதான்: கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர். பத்தாண்டுகள் கற்பிக்காத பாடத்தைக் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் எப்படி எழுதுவது?

மற்றோர் ஆபத்தையும் மறைப்பதற்கில்லை. தனித் திட்டம் என்ற பெயரிலேயே பிள்ளையைக் கைவிடவும் கூடும். “வந்து உட்கார்ந்திருந்தால் போதும், பாஸ் போட்டுவிடுகிறோம்” என்பது இரக்கம்போல் ஒலிக்கும். உண்மையில் அது அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் பறிப்பதாகும். திட்டம் பிள்ளையின் குறைகளின் பட்டியலாக இருத்தல் தகாது; அது பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட அமானிதம். தவணை முடிந்ததும், எது நிறைவேறியது எது நிறைவேறவில்லை என்று ஆசிரியரையும் நம்மையும் கேட்க அதில் இடம் வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிச் சீருடை வாங்கும் பரபரப்பில், ஆசிரியரோடு ஒரு மணி நேரம் அமர்ந்து ஒரு தாளில் இதை எழுதி வாங்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் அழைக்கலாம். அப்போது பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட வேண்டாம். எதைக் கற்க ஆசை என்று அதனிடமும் கேட்டு, முதல் வரியாக எழுதலாம்.