திலகவதியார் காட்டிய நெறி

சிவமயம்

சைவாசிரியர்களே!

பிள்ளை இறந்த வீட்டிலே ஊர் கூடி அழும். உயிர்துறக்க முயன்று பிள்ளை பிழைத்த வீட்டிலோ ஊர் காரணம் வினவும். இக்காங்கேசன்துறையிலிருந்து 1990ஆம் ஆண்டிலே யுத்தத்தாற் பெயர்ந்த குடிகள் பல நெடுங்காலங் கழித்தே மீண்டன. சுற்றத்தார் பல தேசங்களிற் சிதறினர். ஆதலால் அப்பெற்றோரிடம் முதலிற் செல்லற்பாலார் ஆசிரியரே.

சென்று செய்யத்தக்கது யாது? பெரியபுராணத்தை நோக்குக. பெற்றோரை இழந்த திலகவதியார், தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாண்டாரெனக் கேட்டு உயிர்விடத் துணிந்தார். தம்பியார் மருணீக்கியார் அவர் பாதங்களில் வீழ்ந்து அழுதார். அம்மையார் உயிர் தரித்தார். அவரைத் தடுத்தது தருக்கமன்று, அன்பே. பின்னாளிலே சமணஞ் சார்ந்த தம்பியார் சூலைநோயோடு திருவதிகைக்கு மீண்டபோது, அம்மையார் கடிந்திலர். திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவர் தரித்தமையாலன்றோ நாம் அப்பரைப் பெற்றோம்!

தற்கொலை மகாபாதகமன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்விதி உயிரைக் காத்தற்கு எழுந்தது. பிழைத்தவனை அடித்தற்கு எடுத்த கோலன்று. தற்கொலை முயற்சி குற்றமென்னுஞ் சட்டம் இலங்கையில் 1998ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. அரசு கைவிட்ட தண்டனையை அரனடியார் நாவினால் விதிக்கலாமோ?

ஆகவே பெற்றோர்க்கு இவற்றைச் சொல்லுக. பிள்ளையைப் பழியாதிருக்க, தம்மையும் பழியாதிருக்க. சாகும் எண்ணம் இன்னும் உண்டோவென அன்போடு வினவுக. அவ்வினா அவ்வெண்ணத்தை விதையாது. பிள்ளையைத் தனியே விடாதிருக்க. தோட்டத்துக் கிருமிநாசினிகளையும் வீட்டு மாத்திரைகளையும் பூட்டி வைக்க. கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டபின் இந்நாட்டிலே தற்கொலை பெரிதுங் குறைந்தது. அக்கணத்தைக் கடந்தவர் பலர் வாழ்வர் என்பதற்கு அதுவே சான்று. திருநீறும் தேவாரமும் மருத்துவரை விலக்குவன அல்ல. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலே மனநலப் பிரிவு உண்டு. 1926 என்னுந் தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம்.

ஒருமுறை சென்று ஆறுதல் கூறி அமையற்க. ஊர் மறந்தபின்னும் பெற்றோர் இரவில் விழித்திருப்பர், மாதந்தோறும் செல்லுக. பிள்ளை பள்ளிக்கு மீளும் நாளிலே, நிகழ்ந்ததை எவரும் வினவாவண்ணங் காத்து, முன்போலப் பெயர் சொல்லி அழைத்து, அதன் இடத்திலே இருத்துக. அதுவே அப்பிள்ளைக்கும் பெற்றோர்க்கும் நீவிர் அளிக்குந் திருநீறு.

திருச்சிற்றம்பலம்.