டிக்கெட்டை மூடியவருக்கு வினை உண்டா?

பிரிட்டனின் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் தகராறு செய்தால், சிக்கலான புகார்கள் பிராக்னெல் நகரிலிருந்த ஃபுஜிட்சுவின் சப்போர்ட் பிரிவுக்குப் போகும். புகார் டிக்கெட்டாக வரும். ஒருவர் எடுப்பார், நிரலைத் துருவுவார், சரிசெய்வார், மூடுவார். அடுத்த டிக்கெட். 2001 முதல் 2004 வரை அங்கே வேலை பார்த்தவர் ரிச்சர்ட் ரோல். கிளைக் கணக்குகளுக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து திருத்த முடிந்தது, கிளையை நடத்துபவருக்குத் தெரியாமலேயே அது நடந்ததுண்டு என்று 2019-ல் உயர் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னார்.

மறுமுனையில் இருந்தவர்களின் கதை வேறு. பணம் குறைவதாக மென்பொருள் காட்டிய தவறான கணக்கை ஆதாரமாக வைத்து, 1999-க்கும் 2015-க்கும் இடையில் கிளை நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். வெஸ்ட் பைஃப்ளீட்டில் தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ரா, 2010-ல் வயிற்றில் குழந்தையோடு சிறைக்குப் போனார். அவர் மீதான தீர்ப்பு ரத்தாக 2021 வரை ஆனது.

பிராக்னெலில் டிக்கெட் மூடியவர்கள் யாரும் அவரைச் சிறைக்கு அனுப்ப நினைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் வினை யாருடையது?

இந்த வழக்கு மிகப் பழையது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்தில் சமணரும் புத்தரும் இதற்காகவே மோதுகிறார்கள். உடலால் செய்ததே பெரிய வினை என்பது சமணர் கட்சி. மனத்தால் செய்வதே பெரிது என்பது புத்தர் கட்சி. மென்பொருள்காரர்கள் இரண்டாவதன் பக்கம் சாய்வது இயல்பு: என் மனத்தில் தீங்கில்லை, எனக்கு வந்த வேலையை முடித்தேன். ஆனால் பௌத்தம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதில்லை. தீவினையின் வேர்கள் என்று அது சொல்லும் மூன்றில் பேராசைக்கும் வெறுப்புக்கும் பக்கத்தில் மயக்கமும் நிற்கிறது. அறியாதிருப்பதே அங்கே மன்னிப்பாகிவிடாது.

ஹொரைசனில் அறியாமை தானாக வந்ததும் அல்ல. தெரிந்த பிழைகளுக்கென்றே ஃபுஜிட்சுவில் ஒரு பதிவேடு இருந்தது. உதவி கேட்டு போன் செய்தபோதோ, உங்களைத் தவிர யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்றார்கள் என்று கிளை நடத்தியவர்கள் பலர் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் அறிவும் துண்டாகிறது. எந்தத் துண்டிலும் சீமா இல்லை. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், கடல் கடந்த வங்கிகளுக்காக நைட் ஷிஃப்டில் உட்காரும் இளைஞருக்கும் மறுமுனை தெரிவதில்லை. முழுப் பழியையும் அவர் தலையில் சுமத்துவது அநியாயம். பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மௌனமாக இருந்தவர்களின் பங்கே பெரியது. ஆனாலும் “இந்தத் தொகை தப்பாக விழுந்தால் யார் கட்டுவார்கள்?” என்று கேட்பது அவர் வேலைக்கு வெளியே இல்லை.

கேட்டவர்களும் உண்டு. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்கிறது இன்னொரு பௌத்த நூலான அங்குத்தர நிகாயம். ட்ரோன் படங்களை அலசும் மென்பொருள் இதில் எதில் சேரும்? 2018-ல் அப்படிப்பட்ட மென்பொருளுக்காகக் கூகுள் ஒப்பந்தம் செய்திருந்த அமெரிக்க ராணுவத்தின் மேவன் திட்டத்தை எதிர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கூகுள் ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். சிலர் வேலையையே விட்டார்கள். ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று கூகுள் அந்த ஜூனில் முடிவெடுத்தது. ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தருவதில்லை என்றும் எழுதிவைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த உறுதிமொழியை நீக்கிவிட்டது. அங்கே புதிதாகச் சேர்பவர்கள் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.