கண்ணாடியில் தீட்டு ஒட்டுமா?

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் புதிதாக எழும் வீடுகளில் சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட்தான் இன்னும் ராஜா. ஆனால் டைல்ஸ் கடைகளில் கண்ணாடி மேடையும், அதன் பின்சுவருக்கு விரல்நகம் அளவுச் சில்லுகள் பதித்த மொசைக் டைல்ஸும் ஆசைகாட்டத் தொடங்கிவிட்டன. மஞ்சள், புளி, எண்ணெய், மீன் கவுச்சி எதுவானாலும் ஒட்டாது, உறிஞ்சாது என்பதுதான் கண்ணாடிக்குச் சொல்லப்படும் பெரிய பெருமை. கேட்பதற்கு விற்பனைப் பேச்சுதான். ஆனால் இந்த ‘உறிஞ்சாது’ என்ற சொல்லை வைத்து மத அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

யூதர்களிடம் இது மிகப் பழைய வழக்கு. செரேதா ஊர் யோசே பென் யோயெசர், எருசலேம் யோசே பென் யோஹனான் என்ற இரு ஆசான்கள் கண்ணாடிப் பாத்திரத்துக்கும் தீட்டு உண்டு என்று விதித்ததாக யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் பதிவு செய்கிறது. அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம்தான் சுவையானது: மண்பாண்டம் போலவே கண்ணாடியும் மணலிலிருந்து பிறந்ததாம்! பதினாறாம் நூற்றாண்டில் ‘ஷுல்ஹான் அரூக்’ சட்டநூலைத் தொகுத்த யோசேப் காரோ இதற்கு நேரெதிரான பக்கம் நின்றார். பஸ்கா பண்டிகைக்கு முன் புளித்த மாவின் தடயமே இல்லாமல் பாத்திரங்களைச் சுத்தப்படுத்த வேண்டும். கண்ணாடி எதையும் உள்ளே இழுக்காது, ஆகவே கழுவினால் போதும் என்றார். அதே நூலுக்குக் குறிப்பெழுதிய போலந்து நாட்டு மோசே இஸ்ஸர்லெஸ், கொதிநீரில் போட்டு எடுத்தாலும் தீராது என்று கருதும் கடுமையான வழக்கத்தைச் சேர்த்துவைத்தார். இஸ்ஸர்லெஸைப் பின்பற்றும் அஷ்கெனாசி யூத வீடுகளும் காரோவைப் பின்பற்றும் செஃபார்டி யூத வீடுகளும் பஸ்கா வந்தால் கண்ணாடியை வேறுவேறு விதமாக நடத்துவது இதனால்தான்.

ஒரு பொருள் எதிலிருந்து பிறந்தது என்று பார்ப்பதா, எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதா? சண்டை பாத்திரத்தைப் பற்றியதுதான். ஆனாலும் தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வியை வேறெங்கோ கேட்ட நினைவு வராமல் போகாது.

இஸ்லாமியச் சட்ட மரபிலும் இதற்குத் தடம் உண்டு. வாள், முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற வழவழப்பான பொருளில் அசுத்தம் பட்டால் துடைத்தெடுத்தாலே தூய்மை என்பது ஹனஃபி சட்டப் பிரிவின் விதி. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடம் பரவலாக உள்ள ஷாஃபி மரபோ தண்ணீர் ஊற்றியாக வேண்டும் என்கிறது. ஆக, ஒரே கண்ணாடி மேடைக்கு ஒரு வீட்டில் துணி போதும், அடுத்த வீட்டில் வாளியும் வேண்டும்.

மனு நூலின் ஐந்தாம் அத்தியாயமும் பொருள்வாரியாகப் பட்டியல் போடுகிறது. உலோகம், மணி, கல் ஆகியவற்றுக்குச் சாம்பலும் நீரும் மண்ணும். மண்பாண்டத்துக்கு மறுபடி சூளை, அதுவும் சில அழுக்குகளுக்கு உதவாது. சபீனா பொடி வந்து இடத்தைப் பிடிக்கும்வரை தமிழ் வீடுகளில் பத்துப்பாத்திரம் தேய்த்தது அடுப்புச் சாம்பலில்தான். நெற்றியில் பூசுவதும் அதன் உறவுதான். அழுக்கை நீக்கும் பொருள்களில் சாம்பலுக்கு இந்த மண் தனி இடம் கொடுத்திருந்தது.

மீஞ்சூரில் மட்டும் சாம்பலின் கதை திரும்பிவிட்டது. பக்கத்து அத்திப்பட்டில் 1990களின் நடுவிலிருந்து இயங்கும் வட சென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல், சேப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்தில் சேர்கிறது. காய்ந்து காற்றடித்தால் அது வீடுகளுக்குள் வந்து உட்காரும். நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தச் சாம்பலின் பெரும்பகுதி குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகள். கொதிகலனின் வெப்பத்தில் சிலிக்காவும் அலுமினாவும் உருகி, சட்டென்று குளிர்ந்து உருவானவை. கண்ணாடி மேடைமேல் கண்ணாடித் தூசு.

அழுக்கு என்பது இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் இருக்கும் பொருள் என்று 1966இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் விளக்கினார் மானிடவியலாளர் மேரி டக்ளஸ். மடி, ஆசாரம், பஸ்கா எல்லாவற்றுக்கும் அது நல்ல சாவி. சேப்பாக்கத்துக்கு அது போதாது. அங்கே சாம்பல் இடம் மாறியதோடு நிற்கவில்லை, மூச்சுக்குழாய்க்குள்ளும் போகிறது. சடங்கு சார்ந்த தீட்டையும் உடம்பைக் கெடுக்கும் நஞ்சையும் ஒரே சொல்லால் ‘அசுத்தம்’ என்று அழைப்பதில் உள்ள வசதி இந்த ஊரில் உடைந்துபோகிறது. முன்னதற்கு ஆயிரம் விதி வகுத்த சமூகம் பின்னதற்கு ஒரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். சென்னையின் தாகத்துக்காகப் பல ஆண்டுகள் இறைத்ததில் மீஞ்சூரின் நிலத்தடிக்குள் கடல் பல கிலோமீட்டர் நுழைந்துவிட்டது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை வந்தது. ஆனால் உப்பேறிய கிணறுகள் உப்பேறியே இருக்கின்றன. அந்த நீரால் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு. கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கும்.

மொசைக் சுவருக்கு வேறொரு பலவீனம். சில்லு எதையும் உறிஞ்சாது, சில்லுக்குச் சில்லு நடுவே பூசிய சிமென்ட் உறிஞ்சும். சாம்பார் தெறித்த மஞ்சள் ஏறுவது அந்த இடுக்கில்தான். சிமென்ட்டுக்குப் பதில் எபாக்ஸி பிசின் பூசினால் தப்பிக்கலாம்.   

இனி மனிதருக்கு வரலாம். தீட்டு பொருளில் ஊறும் என்பது உண்மையானால், ஊறாத பொருள் வந்ததும் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தது. 1955இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது. சாதி பார்த்து எவர்சில்வர் ஒருவருக்கு, கண்ணாடி டம்ளர் இன்னொருவருக்கு என்று பிரித்துவைத்த கடைகளும் உண்டு. இரண்டுமே எதையும் உறிஞ்சாத பொருள்கள். பிரிவினைக்குப் பொருளின் தன்மை ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை, சாக்காக மட்டுமே இருந்தது. நகரத்து வீடுகளில் மேடையைப் பளபளவென்று துடைத்துவைக்கும் பெண்ணுக்குத் தனி டம்ளர் எடுத்துவைப்பது இன்னும் நடக்கிறது.

இந்தச் சாக்கை அடுப்பங்கரையிலேயே வைத்து உடைத்தவர் வள்ளலார். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்து, அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்வந்தவர். ஆக வட சென்னை அவரைச் சொந்தம் கொண்டாடலாம். 1867 மே 23 அன்று வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். பசி என்று வந்தால் சாதி, மதம், ஊர் கேட்பதில்லை. ஆனால் அவரும் ஒரு கோடு போட்டார். 1872இல் திறந்த சத்திய ஞானசபைக்குள் கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே புக வேண்டும் என்றார். பிறப்பால் போட்ட கோட்டை அழித்து, நடத்தையால் போட்டார் என்று இதை வாசிக்கலாம். முக்கியமாக, கோடு சபை வாசலில்தான் விழுந்தது. அடுப்புக்கு முன்னால் விழவில்லை. எண்ணூரிலிருந்து ஒரு மீனவர் போனாலும் தருமச்சாலையில் இலை உண்டு.

சென்னையின் வாடகை வீட்டுச் சந்தை இதை நேர்மாறாக்கிக்கொண்டது. அங்கே கோடு சமையலறையில் விழுகிறது. ‘சைவம் மட்டும்’ என்ற பலகைக்குச் சொல்லப்படும் காரணம், மீன் வாடை சுவரிலும் மேடையிலும் ஊறிவிடும் என்பது. கிரானைட்டிலும் சிமென்ட் பூசிய இடுக்கிலும் அது ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். கண்ணாடி மேடையும் எபாக்ஸி பூசிய மொசைக் சுவரும் உள்ள வீட்டின் உரிமையாளர், அந்தப் பலகையை மாட்டுவதற்கு முன் வேறு காரணம் தேடியாக வேண்டும்.